ட்ரென்சார்ட் வளர்த்த வாண்டுகள்!

ஃபர்ஸ்ட் இயர் ஃபிட்டிங் லேப் ஞாபகம் இருக்கா? ஒரு எம்.எஸ். பிளேட்டைக் கையில் கொடுத்து, "வி கட் போடு" என்பார்கள். ராவு ராவு என்று ராவி, உள்ளங்கையில் கொப்புளமே வந்திருக்கும். லேப் அசிஸ்டென்ட் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் தெரியுது தம்பி" என்று கூலாகத் திருப்பிக் கொடுப்பார். 'கோடிங் படிக்க வந்தவனுக்கு அரம் எதுக்குய்யா?' என்று அன்றைக்குப் புலம்பாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்!

அந்த அரத்தோடு வாழ்க்கையை ஆரம்பித்த ஒரு பையன்தான் பின்னாளில் ஜெட் இன்ஜின் செய்தான். அவன் படித்த இடத்தின் கதை இது.

1918-ல் முதல் உலகப்போர் முடிந்தது. பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸில் அப்போது சுமார் 3 லட்சம் பேர். போர் முடிந்ததும், "இவ்வளவு பேருக்கு யார் சம்பளம் கொடுப்பது?" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்குதான். படைத்தலைவர் ஹியூ ட்ரென்சார்டுக்கு ஒரே தலைவலி. பைலட் கிடைத்துவிடுவார். விமானத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குக்கு எங்கே போவது? வெளியே தேர்ந்த தொழிலாளிக்கு நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு யூனிஃபார்ம் மாட்ட யார் வருவார்?

1919-ல் ட்ரென்சார்ட் போட்ட திட்டம் சிம்பிள். ஆள் கிடைக்கவில்லையா, நாமே வளர்ப்போம்! பதினைந்து, பதினாறு வயசுப் பையன்களைப் பரீட்சை வைத்து எடுப்பது, மூன்று வருஷம் தங்கவைத்துத் தொழிலும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது, அதற்குப் பிறகு பல வருஷம் படையில் வேலை. வெளியே ஒரு பையன் அப்ரென்டிஸாக ஐந்து வருஷம் கற்றதை இங்கே மூன்று வருஷத்தில் முடிக்க வேண்டும். 'சின்னப் பசங்களை நம்பி விமானமா?' என்று மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 'ட்ரென்சார்ட்ஸ் பிராட்ஸ்' என்று பட்டப்பெயரும் வந்தது. நம்ம பாஷையில் சொன்னால், ட்ரென்சார்டின் வாண்டுகள். அந்தக் கேலிப் பெயரையே பசங்க பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டது தனிக்கதை.

இடம்? லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில் ஹால்டன். ரோத்ஸ்சைல்ட் என்கிற பெரும் பணக்காரக் குடும்பத்தின் எஸ்டேட். ஆல்ஃப்ரெட் ரோத்ஸ்சைல்ட் அதைப் போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் கொடுத்திருந்தார். அவர் 1918-ல் இறந்துபோக, அரசாங்கமே விலைக்கு வாங்கிவிட்டது. கட்டடங்கள் ரெடியாகும்வரை 1920-ல் முதல் செட் பசங்களை க்ரான்வெல்லில் வைத்துப் பாடம் ஆரம்பித்தார்கள். 1922-லிருந்து ஹால்டன்.

உள்ளே வருகிற ஒவ்வொரு செட்டுக்கும் 'என்ட்ரி' என்று பெயர், கூடவே ஒரு நம்பர். நம்ம 'பேட்ச்' மாதிரிதான். சட்டைக் கையில் சக்கரத்துக்குள் ப்ரொப்பல்லர் இருக்கிற ஒரு பித்தளை பேட்ஜ். காலையில் பைப் பேண்ட் முன்னால் ஊதிக்கொண்டு போக, பின்னால் வரிசையாக வொர்க்‌ஷாப்புக்கு மார்ச். அங்கே முதல் வேலை என்ன தெரியுமா? அரமும் உளியும்தான்! ஒரு இரும்புத் துண்டை வாரக்கணக்கில் ராவ வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் இன்ஜின் பக்கமே போகலாம். இன்னொரு பக்கம் கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ் கிளாஸ்கள். சீனியர் என்ட்ரி ராத்திரியில் ஜூனியர் ரூமுக்குள் புகுந்து கட்டிலைக் கவிழ்க்கிற 'ரெய்டு'களும் உண்டு. பழைய ஆட்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்கு அது ராகிங்காகத்தான் படுகிறது, சாரி.

ஆனால், படிக்கப் படிக்க நான் அசந்துபோன ஒரு விஷயம் உண்டு. லாடிமர் நீடம் என்று ஒரு ஆசிரியர். அவர் டிசைன் போட, ஹால்டனிலேயே ஆட்கள் சேர்ந்து 'மேஃப்ளை' என்று நிஜமான குட்டி விமானமே கட்டினார்கள். 1927 ஜனவரியில் அது பறந்தும் விட்டது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிற நம்ம ஊர் கல்ச்சரை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை!

சரி, அந்தப் பையன் கதைக்கு வருவோம். ஃப்ராங்க் விட்டில். கோவென்ட்ரிக்காரர், அப்பா மெக்கானிக். 1923 ஜனவரியில் எழுத்துப் பரீட்சை பாஸ் செய்து ஹால்டனுக்கு வந்தார். உயரம் ஐந்தடிதான். இரண்டே நாளில் மெடிக்கலில் ஃபெயில். அங்கே இருந்த உடற்பயிற்சி மாஸ்டர் ஒருவர் என்ன சாப்பிட வேண்டும், என்ன எக்சர்சைஸ் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பையன் அதை ஒழுங்காகச் செய்து மூன்று அங்குலம் வளர்ந்தே விட்டார்! 'ஒருமுறை ஃபெயில்னா ஃபெயில்தான்' என்றது ஆபீஸ். விடாமல் மறுபடி முயன்று, செப்டம்பரில் க்ரான்வெல்லில் இருந்த அப்ரென்டிஸ் பிரிவில் சேர்ந்துவிட்டார். அந்த ராணுவக் கெடுபிடி பிடிக்காமல் ஓடிப்போகவே நினைத்தவரைக் கட்டிப்போட்டது மாடல் விமானங்கள் செய்கிற கிளப். அவர் செய்த மாடல்கள் மேலதிகாரியின் கண்ணில் பட்டன.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அந்தக் காலத்தில் க்ரான்வெல் கல்லூரியில் ஆபீஸர் கேடட்டாகச் சேர வீட்டில் காசு வேண்டும். ஆனால், அப்ரென்டிஸ்களில் டாப்பில் வருகிற சிலருக்கு அந்தக் கதவு ஃப்ரீயாகத் திறந்தது. 1926-ல் விட்டில் அந்த வழியாகத்தான் உள்ளே போனார். 1928-ல் அங்கே அவர் எழுதிய கட்டுரை, ப்ரொப்பல்லர் இல்லாமல் மிக உயரத்தில், மிக வேகமாகப் பறப்பது பற்றி. 1930 ஜனவரியில் ஜெட் இன்ஜினுக்கு பேட்டன்ட் போட்டபோது வயது 22!

கதவு திறந்தது சரி, கஜானா திறக்கவில்லை. 1935-ல் பேட்டன்ட்டைப் புதுப்பிக்க வேண்டிய தொகை வெறும் 5 பவுண்ட். விமான அமைச்சகம் தர மாட்டேன் என்றது. விட்டில் கையில் காசு இல்லை. பேட்டன்ட் காலாவதி! அடுத்த வருஷம் நண்பர்கள் பணம் திரட்டிக் கம்பெனி ஆரம்பித்து, 1937 ஏப்ரல் 12-ல் இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். அதற்குள் ஜெர்மனியில் ஓஹைன் என்கிற இளைஞர் தனியாக அதே வேலையில் இறங்கியிருந்தார். 1939 ஆகஸ்டில் உலகின் முதல் ஜெட் விமானம் அங்கேதான் பறந்தது. பிரிட்டனின் முதல் ஜெட் பறந்தது 1941 மே 15-ல், 17 நிமிஷம். எங்கிருந்து தெரியுமா? அதே க்ரான்வெல்!

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. தாமஸ் க்ரே 1929-ல் ஹால்டனில் சேர்ந்த பையன். 1940 மே 12-ல் பெல்ஜியத்தில் ஒரு பாலத்தைத் தகர்க்க, 'பேட்டில்' என்கிற மந்தமான பாம்பர் விமானத்தில் நேவிகேட்டராகப் போனார். பைலட் கார்லண்ட், வயர்லெஸ் ஆபரேட்டர் ரெனால்ட்ஸ், க்ரே... மூன்று பேருமே திரும்பவில்லை. கார்லண்டுக்கும் க்ரேக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா க்ராஸ் கிடைத்தது. அதே விமானத்தில், அதே குண்டில் செத்த ரெனால்ட்ஸுக்கு ஒன்றும் இல்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போருக்குப் பிறகு பாகிஸ்தானிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட விமானப்படைப் பையன்கள் ஹால்டனுக்கு வந்து படித்தார்கள். 1945-ல் அப்ரென்டிஸாக நுழைந்த கீத் வில்லியம்சன், 1982-ல் ராயல் ஏர் ஃபோர்ஸுக்கே தலைவரானார். 1993-ல் 155-வது என்ட்ரியோடு கடையை மூடிவிட்டார்கள். மொத்தம் சுமார் 40,000 பேர் படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

அவர்களில் யாரையாவது எங்கேயாவது சந்தித்தால் என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்காதீர்கள். எந்த என்ட்ரி என்று கேளுங்கள். நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் பேரையே சொல்வார்களாம்!