பழந்தமிழக வண்ணந்தீட்டிய மட்கலங்கள்

பழந்தமிழக வண்ணந்தீட்டிய மட்கலங்கள் என்பவை இரும்புக் காலத்திலும் வரலாற்றுத் தொடக்கக் காலத்திலும் தமிழகத்தில் புழங்கிய, வண்ணக் கோடுகளோ புள்ளிகளோ இடப்பட்ட சுடுமண் கலங்கள் ஆகும். இவற்றோடு சேர்ந்தே கிடைக்கும் கீறல் குறியீடுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு.

வகைகள்

ஆதிச்சநல்லூரில் கருப்பு-சிவப்புக் கலங்கள் சிலவற்றின் மேல் வெண்ணிறப் புள்ளிகளும் கோடுகளும் காணப்படுகின்றன. கலத்தைக் கவிழ்த்துச் சுடும்போது காற்று எட்டாத உட்புறமும் விளிம்பும் கருப்பாகவும், எஞ்சிய வெளிப்புறம் சிவப்பாகவும் மாறும். மற்றொரு வகை, செம்பழுப்புக் காவிப் பூச்சும் வெண்ணிறக் கோடுகளும் கொண்டது. கருநாடகத்தின் பிரம்மகிரியில் மார்ட்டிமர் வீலர் 1947இல் நடத்திய அகழாய்வு இவ்வகையை அறிஞருலகில் பரவலாக அறியச் செய்தது. தமிழகத்தில் இது கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைத்துள்ளது.

தீட்டலும் கீறலும்

தீட்டப்பட்டவை பெரும்பாலும் நேர்கோடு, வளைகோடு, குறுக்குக்கோடு ஆகிய வடிவங்களே. மனித, விலங்கு உருவங்கள் மிக அரிது. 2004-05இல் ஆதிச்சநல்லூரில் கிடைத்த, பெண், கொக்கு, மான், முதலை உருவங்களைக் கொண்ட புகழ்பெற்ற பானையோடும் ஓவியமன்று. அவ்வுருவங்கள் களிமண்ணால் ஒட்டப்பட்டவை.

மீன், ஏணி, அம்பு போன்ற குறிகள் தீட்டப்பட்டவையல்ல, கூர்முனையால் கீறப்பட்டவை. கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தின் பல கலங்களில் ஒரே குறி திரும்பத் திரும்ப வருகின்றது. எனவே அது இறந்தவரையோ அவரது குடியையோ சுட்டியிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. அங்கேயே தமிழ்ப் பிராமியில் ஆட்பெயர்கள் பொறித்த ஓடுகளும் உள்ளன.

பொருள் பற்றிய விவாதம்

இக்குறிகள் சிந்துவெளிக் குறிகளை ஒத்துள்ளதை பி. பி. லால் 1960இலேயே எடுத்துக்காட்டினார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்காக கே. ராஜனும் இரா. சிவானந்தமும் தயாரித்து 2025 சனவரியில் வெளியான ஆய்வு, 140 இடங்களின் 14,165 ஓடுகளைத் தொகுத்து, 42 அடிப்படைக் குறிகளையும் 544 வேறுபாடுகளையும் 1,521 கூட்டு வடிவங்களையும் வகைப்படுத்தியது. ஏறத்தாழ 60 விழுக்காடு குறிகளுக்குச் சிந்துவெளியில் இணை உண்டு என்பது அதன் முடிவு. இது உருவ ஒப்புமை மட்டுமே. ஒலி அல்லது பொருள் ஒப்புமை அன்று. சிந்து எழுத்தே இன்னும் படிக்கப்படாத நிலையில், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் படிப்பது இயலாது.

நடு அமெரிக்காவின் மாயா மக்கள் தம் வண்ணக் கலங்களின் விளிம்பிலேயே கலத்தின் பயனையும் உடையவர் பெயரையும் எழுதினர். அவ்வெழுத்து படிக்கப்பட்டதால், குவாத்தமாலாவின் ரியோ அசுல் கலம் கொக்கோ பானத்திற்குரியது எனத் தெரிந்தது. கலத்தில் எஞ்சியிருந்த படிவின் வேதியியல் சோதனையும் அதனை உறுதி செய்தது. தமிழகக் கலங்களில் குறிக்கு அருகே பெயர் பொறிக்கப்பட்ட ஓடுகளே இத்தகைய வாசிப்புக்கு ஓரளவு இடம் தருவன.