இரண்டு முறை வேகும் கிழங்கு

அமெரிக்காவில் ஸ்டீக்குக்குத் துணையாக ஓர் உருளைக்கிழங்கு வைப்பார்கள். நீளவாக்கில் பாதியாக வெட்டிய தோல்தான் கிண்ணம். அதனுள் வெண்ணெயும் செடார் சீஸும் சேர்த்துப் பிசைந்த அதே கிழங்கின் சதை. பெயர் 'ட்வைஸ் பேக்டு பொட்டேட்டோ'. இரண்டாம் முறை எதற்கு என்று கேட்டால், தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முதல் சூடு அதில் கொஞ்சத்தை விரட்டுவதற்கு. ஓவனில் 200 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரம். உள்ளே 60, 70 டிகிரி ஏறும்போது ஸ்டார்ச் மணிகள் பக்கத்து நீரைக் குடித்து ஊதிக்கொள்ளும். மிச்சத்தில் ஒரு பகுதி ஆவியாகித் தோல் வழியே போகும். முள்கரண்டியால் நாலு குத்து குத்துவது அதற்காகத்தான். அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவிக்கு வழி கிடையாது. அது அவித்த கிழங்கு, சுட்டதல்ல.

ஸ்டார்ச் நிறைந்த மாவுக்கிழங்குதான் இதற்கு வேண்டும். அமெரிக்கர்களுக்கு அது ரசெட் பர்பாங்க். 1870களில் மாசசூசெட்ஸில் லூதர் பர்பாங்க் என்ற இளைஞர், உருளைச் செடியில் அபூர்வமாகக் காய்த்த ஒரே காயின் 23 விதைகளை விதைத்துப் பொறுக்கியெடுத்த வகையின் வழிவந்தது. உரிமையை 150 டாலருக்கு விற்றுவிட்டு அவர் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். பின்னாளில் ஐடஹோ மாநிலமே அந்தக் கிழங்கால் பெயர் வாங்கியது.

வெந்ததும் ஆறவிடாமல் துணியால் பிடித்து வெட்டி, தோலோடு அரை சென்டிமீட்டர் சதையை விட்டு வழித்தெடுங்கள். சரியாக வெந்திருந்தால் புட்டு மாதிரி உதிரும். கையால்தான் மசிக்க வேண்டும். ஒருமுறை சோம்பல்பட்டு மிக்சியில் போட்டேன். செல்கள் உடைந்து ஸ்டார்ச் வெளியே வந்து, சுவரொட்டி ஒட்டுகிற பசையாகிவிட்டது!

விரட்டிய நீரின் இடத்தில் இப்போது வெண்ணெய் குடியேறுகிறது. பிறகு சூடான பால், உப்பு, மிளகுத்தூள், துருவிய சீஸ். ரொம்ப முதிர்ந்த செடார் உருகும்போது எண்ணெய் தனியாகப் பிரியும்; நடுத்தர வயசுதான் நல்லது. நம் கடைகளில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸ் கட்டி அப்படிப் பிரியாது, அதில் சேர்த்த உப்புகள் கொழுப்பைப் பிடித்துவைக்கும். மணம் மட்டும் கொஞ்சம் குறைவு.

தோலில் நிரப்பி, மேலே இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி, மறுபடி கால் மணி நேரம் ஓவனுக்குள். ஓரங்களில் சீஸ் குமிழியிட்டுச் சிவக்கும்போது எடுத்துவிடலாம். வெளியே எடுத்த பிறகு வெங்காயத்தாள் தூவுங்கள், முன்பே போட்டால் கருகும்.