ஊர் கூடி இழுக்கும் கணினித் தேர்

அல்சூர் சோமேசுவரர் கோயில் தேரோட்டத்தை மர்பி டவுன்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊர்த் தேரானாலும் வடம் பிடிக்கிறவர்கள் மீதுதான் நம் கண் போகும். சக்கரத்தோரம் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டது. தேரடியில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் உண்மைப் பொருள் தெரியும்.

சென்ற ஆண்டு நானும் மூன்று நாள் முட்டுக்கட்டை போடப் போனேன். கோயில் தேருக்கு அல்ல, நம் நகரில் நடந்த ஒரு கணினி மாநாட்டுக்கு. அங்கே கண்டதை எழுதினால், பாலிடெக்னிக்கிலோ கல்லூரியிலோ படிக்கிற பிள்ளைகள் உள்ள சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

டிப்ளமாவைச் சேர்ப்பார்களா?

எங்கள் தெருவில் ஒரு பெண், கம்ப்யூட்டர் டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு நாள் மாலை அவளுடைய அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சார், ஏதோ மாநாட்டுக்கு வாலண்டியரா போறேங்கறா. காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரிதான் திரும்ப முடியுமாம். சம்பளமும் கிடையாதாம். என்ன ஏதுன்னு நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார்.

அவளைக் கேட்டேன். "டிக்கெட் வாங்கிப் போக நம்மால முடியாது மாமா. வேலை செஞ்சா உள்ளே விடுவாங்க. ஆனா அங்கே எல்லாரும் பி.இ. படிச்சவங்க, பெரிய கம்பெனிக்காரங்க. டிப்ளமாவைச் சேர்த்துப்பாங்களா?" என்றாள்.

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. ரயில்வே சிக்னல் பிரிவில் டிப்ளமாவோடு நுழைந்து, டிப்ளமாவோடு ஓய்வு பெற்றவன் நான். "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரே இருப்பவர் குரல் சற்று மாறுவதை இந்த வயது வரை எத்தனையோ இடங்களில் கேட்டாயிற்று. ஆகவே, நேரில் போய்ப் பார்ப்போம் என்று அவளோடு நானும் பெயர் கொடுத்தேன். விண்ணப்பத்தில் வயது வரம்பு இல்லை. எந்த வேலையில் விருப்பம், என்னென்ன மொழி பேசுவீர்கள், எந்தெந்த நாள் வர முடியும் என்று கேட்டிருந்தார்கள். படிப்பு என்று ஒரு கட்டமே அதில் இல்லை.

யார் நடத்துகிறார்கள்?

கணினி மாநாடு என்றால் அரசாங்கமோ பெரிய கம்பெனியோ நடத்துவது என்றுதான் நினைக்கிறோம். கர்நாடக அரசு ஆண்டுதோறும் நடத்தும் டெக் சம்மிட் அந்த வகை. நான் சொல்வது வேறு வகை.

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு. அது எழுதப்பட்ட விதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளம் அதுதான். நெதர்லாந்தில் கைடோ வான் ரோசம் அதே 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியும் இந்த வகைதான். இவற்றைச் சம்பளத்துக்கு எழுதுகிறவர்களும் உண்டு, ஆசைக்கு எழுதுகிறவர்களும் உண்டு. பல நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே எழுதுகிறார்கள். எப்போதாவது நேரில் கூடிப் பேச வேண்டாமா? அதற்குத்தான் மாநாடு. பொருளுக்கு ஒரே முதலாளி இல்லாததால், மாநாட்டையும் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து நடத்திக்கொள்கிறார்கள்.

இதில் பெங்களூருக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. 2001-இல் 'லினக்ஸ் பெங்களூர்' என்று தொடங்கிய மாநாடு, 2005-இல் 'ஃபாஸ் டாட் இன்' என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. பைத்தான் மொழிக்கான 'பைகான் இந்தியா' முதன்முதலில் 2009-இல் நம் இந்திய அறிவியல் கழகத்தில் கூடியது. பிறகு புனே, டெல்லி, ஹைதராபாத், சென்னை என்று பல ஊர் சுற்றி 2024-இல் மறுபடியும் பெங்களூருக்கு வந்தது. இவையெல்லாம் தொண்டர்கள் கையால் நடந்தவை.

வெளிநாட்டிலும் இப்படித்தான். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆண்டுதோறும் 'ஃபாஸ்டெம்' மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. அமெரிக்காவின் பைகான் மாநாட்டில் இதற்கு எதிரான வழக்கம் நெடுநாள் இருந்தது. பேச்சாளரும் அமைப்பாளரும்கூடக் கட்டணம் கட்டித்தான் வர வேண்டும். வழி வேறானாலும் உள்ளே எல்லோரும் சமம் என்ற எண்ணம் ஒன்றுதான்.

வேலை எப்படிப் பிரிகிறது?

மூன்று நாள் மாநாட்டுக்கு ஆறு மாதமாவது முன்னேற்பாடு வேண்டும். முதலில் அரங்கு பிடிக்க வேண்டும். பிறகு, பேச விரும்புகிறவர்கள் சுருக்கம் அனுப்பலாம் என்று அறிவிப்பார்கள். வருவதில் பெரும்பகுதியைத் தள்ள வேண்டியிருக்கும் என்பதால், ஒரு குழு எல்லாவற்றையும் படித்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும். இன்னொரு குழு கம்பெனிகளிடம் நன்கொடை கேட்கும். சாப்பாட்டுக் கணக்கு, பெயர் அட்டை, வெளியூர்ப் பேச்சாளர் தங்கும் இடம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. கல்யாண வீட்டு வேலை மாதிரிதான். என்ன, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்ற சண்டை இல்லை.

மாநாட்டு நாட்களில்தான் எங்களைப் போன்ற தொண்டர்கள் வருகிறோம். வாசலில் பெயர் சரிபார்த்து அட்டை கொடுப்பது, வழி காட்டுவது, கேள்வி கேட்கிறவரிடம் மைக்கை ஓடிக் கொண்டுபோய்க் கொடுப்பது, பேச்சாளரை மேடைக்கு அழைத்து வருவது, அவர் கணினி திரையோடு இணைகிறதா என்று பார்ப்பது, ஒலி, ஒளிப்பதிவுக்காரர்களுக்குத் துணை நிற்பது, தொலைந்த பொருளைக் காத்து வைப்பது என்று பட்டியல் நீளம்.

எனக்குக் கிடைத்தது நேரம் காட்டும் வேலை. முதல் வரிசையில் உட்கார்ந்து பேச்சாளருக்குப் பத்து நிமிடம், ஐந்து நிமிடம், ஒரு நிமிடம் என்று அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இது எனக்குப் புதிதல்ல. முன்னால் போன வண்டி பகுதியைத் தாண்டாமல் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர் கொடுக்க முடியாது அல்லவா? இங்கும் அப்படித்தான். ஒருவர் பத்து நிமிடம் அதிகம் பேசினால் அடுத்தவர் தாமதமாவார், அதற்குள் சாப்பாட்டு வரிசை நீளும், மாலையில் கடைசிப் பேச்சாளர் காலி நாற்காலிகளுக்குப் பேசுவார். வண்டி தாமதமாகும் கதையேதான். மூன்று நாளும் என் அரங்கு நேரத்துக்கு ஓடியது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

ஒரு டீ பாய்லரின் கதை

முதல் நாள் காலை ஒரு சங்கடம் வந்தது. வாசலில் கூட்டம் நெரிகிற நேரத்தில், பெயர் அட்டை அச்சடிக்கும் சிறு இயந்திரங்கள் அத்தனையும் ஒன்றாக நின்றுவிட்டன. பிள்ளைகள் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். மென்பொருளில் கோளாறு என்று ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள்.

சிக்னல்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு, முதலில் வயரைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பான். போய்ப் பார்த்தேன். அதே இணைப்பில், திரைச்சீலைக்குப் பின்னால், சமையல்காரர் இரண்டாயிரம் வாட் டீ பாய்லரைச் செருகி வைத்திருந்தார். தண்ணீர் சூடேறும்போதெல்லாம் பாரம் தாங்காமல் ஃபியூஸ் சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது. அவரிடம் சொல்லி வேறு இணைப்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அன்று மாலைக்குள் அங்கிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் 'பாய்லர் அங்கிள்' ஆகிவிட்டேன். கணினியே தெரியாதவருக்கும் அங்கே வேலை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொண்டராகப் போனால் பேச்சுகளை நிம்மதியாகக் கேட்க முடியாது. எங்கள் தெருப் பெண் முதல் நாள் முழுக்க வாசலில் நின்று, ஒரே ஒரு பேச்சின் பாதியைத்தான் கேட்டாள். "கால் வலிக்குது மாமா. இதுக்கா வந்தேன்?" என்று திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள்

பதில் மூன்றாம் நாள் கிடைத்தது. சில மாநாடுகளில் பேச்சுகள் முடிந்தபின் 'ஸ்பிரிண்ட்' என்று ஒரு நாள் வைக்கிறார்கள். மென்பொருளை எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கோளாறுகளைச் சரிசெய்வார்கள். அன்று அவளுக்கு வாசல் வேலை இல்லை. ஒரு மேசை ஓரமாக உட்கார்ந்தாள். அங்கே ஒரு மென்பொருளைத் தமிழில் திறந்து பார்த்தபோது, ஒரு பொத்தானில் 'அருகில்' என்று இருந்தது. அழுத்தினால் ஜன்னல் மூடிக்கொண்டது! ஆங்கிலத்தில் 'க்ளோஸ்' என்ற சொல்லுக்கு மூடு என்றும் பொருள், அருகில் என்றும் பொருள். யாரோ இடம் தெரியாமல் மொழிபெயர்த்துவிட்டார்கள். மேசையில் இருந்த மற்ற யாருக்கும் தமிழ் தெரியாது. அவள் ஒருத்திதான் அந்தப் பிழையைக் கண்டாள்.

அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே திருத்துவது, எப்படிக் காரணம் எழுதுவது, எப்படி அனுப்புவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். மாலைக்குள் திருத்தம் ஏற்கப்பட்டது. 'அருகில்' போய் 'மூடு' வந்தது. யார், எந்த நாளில் திருத்தினார்கள் என்ற பதிவில் அவள் பெயர் ஏறியது. பி.இ.யா டிப்ளமாவா என்று அந்தப் பதிவில் இல்லை.

ஒரு சொல்தானே என்று நினைக்கலாம். கணினியில் நம் தமிழ் வளர்ந்ததே இப்படித்தான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் உலகெங்கும் இருந்த தொண்டர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாகக் கொடுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத்தான் 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லாவிட்டால், 'அருகில்' அப்படியே இருந்துகொண்டிருக்கும்.

பெற்றோர்களுக்கு

இலவச உழைப்பு கேட்பவர்கள் எல்லோரும் தொண்டு செய்கிறவர்கள் அல்ல. லாபத்துக்கு நடத்தும் கண்காட்சிக்கும் 'வாலண்டியர்' என்று சொல்லிப் பிள்ளைகளை வேலை வாங்குவது உண்டு. ஆகவே சிலவற்றை முன்கூட்டியே கேளுங்கள். அமைப்பாளர்களும் சம்பளமில்லாமல்தான் வேலை செய்கிறார்களா? வரவு செலவை வெளியிடுகிறார்களா? நடத்தை விதிகள் எழுத்தில் உண்டா, ஒருவர் தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது? ஒரு நாளில் எத்தனை மணி நேர வேலை, பேச்சு கேட்க நேரம் ஒதுக்குவார்களா? சாப்பாடு உண்டா, இரவு திரும்ப என்ன வழி? நல்ல அமைப்பாளர் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். முகம் சுளித்தால் போக வேண்டாம்.

ஆங்கிலம் தடுமாறுமே என்று அஞ்ச வேண்டாம். வாசலில் நிற்கிறவருக்குத் தமிழும் கன்னடமும் தெரிந்திருப்பது பெரிய உதவி. அரங்கில் விளக்குப் போடுகிறவர், சமையல்காரர், காவலாளி எல்லோரோடும் பேச வேண்டியவர் அவர்தானே.

நம் மர்பி டவுன் ஒரு இன்ஜினியரின் பெயரைத் தாங்கிய ஊர். நாக்ஸ்பேட்டை என்று இருந்த இடத்தில் குடியிருப்பு அமைத்தவர் அவர். அத்தகைய ஊரில் பிறந்த பிள்ளைகள், பக்கத்தில் நடக்கும் கணினி மாநாட்டை நமக்கில்லை என்று ஒதுங்கிப் பார்ப்பது வருத்தம் தருகிறது. அந்தப் பெண் இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள், கூடவே வகுப்புத் தோழிகள் இருவர். இந்த முறை அவளுடைய அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் கிளம்பும்போது எனக்கும் சேர்த்து ஆட்டோ சொல்லிவிடுகிறேன் என்றார்.