வடகம் காயும் வெய்யில்

பங்குனி பிறந்துவிட்டால் கொழும்பு மாநகரில் காற்று நின்றுவிடுகிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருங்கிய வீடுகளிலும் உடம்பு ஓயாமல் வியர்க்கின்றது. உண்ண மனமில்லை, அடுப்படியில் நிற்கவும் இயலவில்லை. "இன்றைக்கு என்ன சமைப்பது?" என்னும் கேள்வி இல்லத்தரசிகளுக்குப் பெருஞ்சுமையாவது இக்காலத்திலேதான்.

இக்கேள்விக்கு நம் முன்னோர் எப்போதோ விடை கண்டுவிட்டனர். நெருப்பை அதிகம் வேண்டாத உணவே கோடைக்குரிய உணவு. இரவு எஞ்சிய சோற்றை ஆறவிட்டு, அது மூழ்க நீரூற்றி மூடி வைத்தால், விடியும்போது இலேசாகப் புளித்துக் குளிர்ந்திருக்கும். அந்நீரை வடித்துத் தேங்காய்ப்பாலும் உப்பும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டால், அதற்கு நிகரான காலைப் பானம் வேறில்லை. சோற்றையோ முதல்நாட் கறியுடன் குழைத்து உருட்டி, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பது யாழ்ப்பாணத்துப் பாட்டிமாரின் வழக்கம். கறியை மட்டும் இக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்வது நன்று.

கொட்டாஞ்சேனைப் பக்கம் இந்திய வழிவந்த குடும்பங்களிலே, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோரும், சுக்கும் ஏலமும் மணக்கும் பானகமும் தாகம் தீர்க்கின்றன. பானகத்துக்குப் பனங்கட்டி கிடையாவிடின் கித்துள் கருப்பட்டியும் கைகொடுக்கும். சிங்கள அயலவரைப் போலவே செவ்விளநீரும், பழுத்த விளாம்பழத்தைக் கரைத்த பானமும் நமக்கும் உவப்பானவை. வெய்யில் எல்லோருக்கும் பொதுவன்றோ?

ஆனால் இந்த எளிய உணவுகளுக்குத் துணையாக ஒரு காரமும் ஒரு கசப்பும் வேண்டும். காரத்துக்கு மோர்மிளகாய், கசப்புக்கு வேப்பம்பூ வடகம். ஊறவைத்துத் தோல் நீக்கிய உழுந்தை அரைத்து, வேப்பம்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு ஆகியன கலந்து, சிறு வில்லைகளாகத் தட்டி, பல நாள் வெய்யிலில் காயவைப்பார்கள். எண்ணெயிற் பொரியும்போது எழும் அந்த மணத்துக்கே பாதிச் சோறு இறங்கிவிடும்.

இங்கேதான் கொழும்பு நம்மைக் கைவிடுகிறது. வடக்கில் வேம்பு பூக்கும் பங்குனி, சித்திரையில் அங்கே வெய்யில் வறண்டு காய்கிறது. கொழும்பிலோ அதே மாதங்களில் காற்றில் ஈரம் மிகுதி. பிற்பகலில் இடிமழையும் வந்துவிடும். தொடர்மாடி வீட்டில் முற்றமும் இல்லை. ஆகவே வடகம் ஊரிலிருந்து வர வேண்டியதாயிற்று.

1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, மனிதரை மட்டுமா சுமந்தது? வடகமும் பினாட்டும் ஒடியலும் ஓலைப்பெட்டிகளில் அதிலேயே வந்தன. போரினால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டி நின்றது. 2014 அக்டோபரிலேதான் மீண்டும் சென்றது. இடையில், 2002இல் திறந்த ஏ-9 பாதையும் 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது.

அப்பாதை மூடிக்கிடந்த நாட்களில் நம் வீட்டுப் போத்தலில் எஞ்சியிருந்த வடகத்தை அம்மம்மா எண்ணி வைத்தார். ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒன்று. "இன்னும் ஒன்று தாங்கோ" என்று பிள்ளைகள் கேட்டால், "பாதை திறக்கட்டும், நிறையப் பொரிப்பம்" என்பார். போர் ஓய்ந்த 2009க்குப் பின் பாதை திறந்தது; புது வடகமும் வந்தது. ஆனால் அவருடைய பக்குவத்தைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியது, அவர் மறைந்த பின்னரே. எத்தனை பிடி பூவுக்கு எத்தனை சுண்டு உழுந்து என்பது அவருடனேயே போய்விட்டது.

இன்று வெள்ளவத்தைக் கடைகளில் வடகம் பொதிகளாகக் கிடைக்கிறது; குறை சொல்வதற்கில்லை. எனினும் வீட்டில் இடவும் வழியுண்டு. சித்திரையில் ஊரிலிருந்து பூவை மட்டும் உலர்த்தித் தருவித்து, ஈரம் படாமல் காத்துவைத்தால், கொழும்பில் மழை குறைந்த அடுத்த தை, மாசியில் மொட்டைமாடியிலேயே வடகம் இடலாம். அதே வெய்யிலில், கீறிய மிளகாயை இரவில் உப்பிட்ட தயிரில் ஊறவிட்டுப் பகலில் உலர்த்தி, மோர்மிளகாயும் போட்டுக்கொள்ளலாம்.

மாணவ மாணவிகளே, இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் ஓர் அப்பியாசக் கொப்பியுடன் சென்று அமருங்கள். "ஒரு பிடி" என்று அவர் சொன்னால், அந்தப் பிடியை அளந்து எழுதுங்கள். அவர் கை அருகில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.