தொட்டிக்குள் ஓர் ஆலமரம்

"என்னத்தா இது, ஆலமரத்தைப் போயி வீட்டுக்குள்ள வளர்க்கிறே? வேரு விட்டா சுவரு தாங்குமா?" என்று மாமியார் மூக்கில் விரலை வைத்தார். காமயகவுண்டன்பட்டியில் என் பிறந்த வீட்டை விற்று இடித்தபோது, கிணற்றுச் சுவர் இடுக்கில் சாண் உயரத்துக்கு நின்ற கன்று அது. ஏதோ பறவை போட்ட விதை. அம்மா தண்ணீர் சேந்திய கிணற்றிலிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

போன்சாய் படங்களில் மேஜைமேல் வைத்திருப்பார்கள் இல்லையா? நானும் டி.வி. பக்கத்தில் வைத்து, பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்களில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. அழுகையே வந்துவிட்டது, போங்கள்!

மாமனார்தான் காப்பாற்றினார். திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து செய்தே பழகிய கை. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டி, "உள்ளே பச்சை தெரியுது, உசிரு இருக்கு தாயி" என்றார். தொட்டியைக் கவிழ்த்தால் பாதி வேர் அழுகி நாறியது. அதை வெட்டியெறிந்து, செம்மண், ஆற்று மணல், சிறிதாக உடைத்த செங்கல் மூன்றையும் தூசி போகச் சலித்துக் கலந்து நட்டோம். தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். அடியில் ஓட்டை கட்டாயம். அதன்மேல் ஒரு வலைத் துண்டு. மூன்று வாரம் நிழல். துளிர் விடும்வரை உரமே கூடாது.

ஹிரோஷிமாவில் 1945-ல் குண்டுக்குத் தப்பிய ஒரு தொட்டிப் பைன் மரம், 1976-ல் பரிசாகப் போய் இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. அந்த மாதிரி மரங்களுக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். நம் பக்கத்துச் சூட்டுக்கு ஆல், அரசு, புளி, காகிதப்பூ இவைதாம் தோது. வெளியில், அரை நாளாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய ஆரம்பித்திருந்தால், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். ஆடிக் காற்று அடிக்கும்போது எங்கள் பள்ளத்தாக்கில் தினம் இரண்டு வேளைகூட வேண்டியிருக்கும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலை உதிர்க்கும். அதற்காகப் பயந்துபோய் மறுபடி மாற்றாதீர்கள்.

கிளையை வளைக்கக் கம்பி சுற்றினால் வாரம் ஒரு முறை பாருங்கள்; பட்டையில் பதியத் தொடங்குமுன் வெட்டி எடுத்துவிட வேண்டும். நான் அசந்த ஒரு மாதத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. வெட்டினால் வடியும் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். கைக்குழந்தை உள்ளவர்கள், பிள்ளை தூங்கும்போது கத்தரிக்கோலை எடுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் கையைக் கழுவிவிடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கொரு முறை, சூடு பிறந்து மரம் துளிர்க்கும் சமயம், வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி மண்ணை மாற்ற வேண்டும். எங்கள் மரத்துக்கு இந்தப் பங்குனியில் முறை. மாமனாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கவாத்துக் கத்தியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார்.