கொத்தனாராக இருந்த கோசாக் தளபதி

2015 டிசம்பர் 12. கிழக்கு உக்ரைனில் பெர்வமாய்ஸ்க் - ஸ்தகானவ் சாலையில் போய்க்கொண்டிருந்த காரில் குண்டு வெடித்தது. அதில் இறந்த பாவெல் த்ரியோமவ், கோசாக் படைப்பிரிவு ஒன்றின் தளபதி. வயது 39. அவருடைய கல்யாணக் கொண்டாட்டம்கூட முடிந்திருக்கவில்லை.

ஸ்தகானவ் அவர் பிறந்த ஊர். 1935-ல் ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாகச் சோவியத் அரசு கொண்டாடிய தொழிலாளியின் பெயரைத் தாங்கிய சுரங்க நகரம். அங்கே த்ரியோமவ் கொத்தனார். 2014-ல் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றியபோது அவரும் துப்பாக்கி ஏந்தினார். சில மாதங்களில் நூற்றுக்கணக்கான பேர் அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள்.

ஜார் ஆட்சியில் எல்லை காத்த குதிரைவீரர்களின் வழிவந்தவர்கள் கோசாக்குகள். சோவியத் ஆட்சியின் தொடக்கத்தில் கொடூரமாக ஒடுக்கப்பட்டவர்கள். அந்தப் பெருமையும் காயமும் இந்தப் போரில் கிளறிவிடப்பட்டன. ரஷ்யாவிலிருந்து ஆட்களோடு வந்த ஆத்தமான் (கோசாக் தலைவர்) நிக்கோலாய் கசீட்சின், லுகான்ஸ்க் மாகாணத்தில் பல ஊர்களைப் பிடித்தார். இது தோன் ஆற்றுக் கோசாக்குகளின் பூர்வீக மண் என்பது அவர்கள் வாதம். த்ரியோமவ் கசீட்சின் அணியில் இருந்தார்.

ஸ்தகானவ் கிட்டத்தட்ட தனி ராஜ்யமாகவே நடந்தது. ஏழைகளுக்கு இலவசச் சாப்பாட்டுக்கூடங்கள் திறந்தார்கள். லுகான்ஸ்க் பிரிவினைப் பகுதியின் தலைவர் இகோர் பிளாட்னிட்ஸ்கிக்குக் கட்டுப்பட த்ரியோமவ் மறுத்தார். பிளாட்னிட்ஸ்கி தரப்பினர் நிவாரணப் பொருட்களைத் திருடுகிறார்கள், நிலக்கரியை விற்றுக் காசாக்குகிறார்கள் என்று காணொளிகளில் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார்.

அதற்காக அவரைத் தியாகியாக்கிவிட முடியாது. துப்பாக்கி வைத்திருந்தவர்களே சட்டமாக இருந்த காலம் அது. ஆயுதக் குழுக்கள் ஆட்களைப் பிடித்து அடைத்ததையும் சித்திரவதை செய்ததையும் ஐ.நா. அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. 2015 முடிவதற்குள் போரில் இறந்தோர் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியிருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களும் அதில் அடக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பிரிவினைப் பகுதி ஓர் அரசாங்கமாக உருமாறத் தொடங்கியதும், தனிப்படை வைத்திருந்த தளபதிகள் அடுத்தடுத்து விழுந்தார்கள். 2015 ஜனவரி 1-ல் அலெக்சாந்தர் பெத்னோவ். அவரைக் கைதுசெய்யப் போனபோது எதிர்த்ததால் கொன்றோம் என்று லுகான்ஸ்க் தரப்பே ஒப்புக்கொண்டது. மே 23-ல் அலெக்சேய் மஸ்கவோய், சாலையில் தாக்குதல். டிசம்பரில் த்ரியோமவ். அதற்குள் அவருடைய கோசாக்குகள் அதிகாரப்பூர்வ ராணுவத்தின் ஆறாவது ரெஜிமென்ட்டாகியிருந்தார்கள்.

கொன்றது உக்ரைன் நாசகாரர்கள் என்றது லுகான்ஸ்க் நிர்வாகம். அதை நம்பாதவர்களின் சந்தேகம் லுகான்ஸ்க் தலைமையின் பக்கமே திரும்பியது. பிளாட்னிட்ஸ்கியும் நிலைக்கவில்லை. 2017 நவம்பரில் தன் உள்துறை அமைச்சரோடு மோதி, பதவியைப் பறிகொடுத்து ரஷ்யாவுக்குப் போனார்.