ஆறரை மணிக் குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஜப்பானில் இருக்கும் எங்கள் நானாவுக்கு அழைப்பு எடுத்தால் பதில் வராது. மூன்றரைக்குப் பிறகுதான் எடுப்பார். ஜப்பான் நேரம் எமது நேரத்தை விட மூன்றரை மணித்தியாலம் முன்னே ஓடுகிறது. எமக்கு மூன்று மணி என்றால் அங்கே மாலை ஆறரை. அந்த அரை மணித்தியாலமும் நானா ஒரு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பார். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை கார்ட்டூன் பார்க்கிறார் என்று நாங்கள் ஆரம்பத்தில் கேலி செய்தோம். இப்போது கேலி செய்வதில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஜப்பானிய மொழி வகுப்புகளுக்குப் போகிறார்கள். பஸ் நிலையச் சுவர்களில் அந்த வகுப்புகளின் விளம்பரங்கள்தான் அதிகம். ஆனால் அங்கே போனவர் காலையில் எழுந்து இரவு தூங்கும் வரை எப்படி வாழ்கிறார் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

முதுமை அடைந்த நாடு

ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்களைப் பராமரிக்க இளைஞர்கள் போதவில்லை. அதனால் 2019 ஏப்ரலில் ஜப்பான் அரசு, குறிப்பிட்ட திறன் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளருக்கென ஒரு புதிய விசாவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு இலங்கையும் ஜப்பானோடு இதற்கான உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட நிர்மாணம், உணவகத் தொழில் எனப் பல துறைகள் இதில் உள்ளன. நானா போனது பராமரிப்புத் துறைக்கு.

அவர் இருப்பது ஷிசுவோக்கா மாகாணத்தில். ஜப்பானின் பெயர்பெற்ற தேயிலைப் பிரதேசங்களில் அதுவும் ஒன்று. "தேயிலையை விட்டுப் போகிறேன் என்று நினைத்தேன் தங்கச்சி, இங்கே ஜன்னலைத் திறந்தால் தேயிலை" என்று முதல் வாரமே சொன்னார். ஆனால் அங்கே கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்பது அரிது. வரிசையின் இரு பக்கமும் இருவர் நின்று ஓர் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கொழுந்து வெட்டுப்பட்டு, பின்னால் கட்டிய பைக்குள் போய் விழுகிறது. தெருவோர விற்பனை இயந்திரத்தில் போத்தலில் அடைத்த தேநீரும் கிடைக்கிறது. அவற்றுள் 1986 முதல் விற்பனையாகும், "பிற்பகல் தேநீர்" என்று பொருள்படும் பெயருடைய ஒரு பானத்துக்கு இலங்கைத் தேயிலை சேர்க்கிறார்கள். அதை முதன்முதலாக வாங்கிக் குடித்த அன்று நானா போத்தலைப் படம் பிடித்து எமக்கு அனுப்பினார்.

ஒரு நாள்

காலை வேலை ஏழு மணிக்குத் தொடங்கும். முதியவர்களை எழுப்பி, முகம் கழுவி, உடை மாற்றி, சக்கர நாற்காலியில் அமர்த்த வேண்டும். விழுங்கச் சிரமப்படுவோருக்கு உணவைக் கூழாக்கிக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், மலசலம் சுத்தம் செய்ய வேண்டும். யார் எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்பதை எல்லாம் ஜப்பானிய எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மாதத்தில் சில நாட்கள் இரவு வேலையும் உண்டு. அங்கே யாரையும் "பாட்டி", "தாத்தா" என்று அழைப்பது மரியாதை இல்லை. குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்தே அழைக்க வேண்டும். மறதி நோய் முற்றி, தன் பெயரே நினைவில்லாதவரையும் அப்படித்தான்.

வீட்டில் குப்பை போடுவதும் ஒரு பாடம். எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், போத்தல் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய கிழமையில், காலையிலேயே வைக்க வேண்டும். ஒருமுறை கிழமை மாறி வைத்த நானாவின் பை, ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டப்பட்டு அங்கேயே கிடந்ததாம்.

சாப்பாடுதான் எமக்குப் பெரிய கவலையாக இருந்தது. பாண், சூப், பிஸ்கட் என்று எதிலும் பன்றிக் கொழுப்போ மதுவோ கலந்திருக்கலாம். அதனால் நானா கன்ஜி எழுத்துகளில் முதலில் பாடமாக்கிய இரண்டு, "பன்றி"யும் "மது"வும். பொதி செய்த உணவின் பின்புறத்தை வாசிக்காமல் எதையும் வாங்குவதில்லை. பிரேஸிலில் இருந்து வரும் ஹலால் கோழி சில பெரிய கடைகளில் கிடைக்கிறது. அவர் கண்டுபிடித்த இன்னொன்று கட்சுஓபுஷி. அது சூரை மீனைப் புகையிட்டுக் காயவைத்துச் சீவிய சீவல். தேங்காய்ப்பூ, மிளகாய், எலுமிச்சம்புளியோடு சேர்த்து இடித்தால் எங்கள் மாசிச் சம்பலுக்கு மிக அருகில் வருகிறதாம்.

தொழுகை நேரங்களும் அங்கே வேறு. ஜூன் மாதத்தில் சூரியன் நாலரை மணிக்கே உதித்துவிடும். ஸுபஹ் மூன்று மணிக்கு முன்பே வந்துவிடும். டிசம்பரில் மாலை நாலரை மணி அளவில் மஃரிப். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935இல் கோபே நகரில் கட்டப்பட்டது. யுத்தக் குண்டுவீச்சிலும் 1995ஆம் ஆண்டுப் பூகம்பத்திலும் அது இடியாமல் நின்றது. டோக்கியோவின் பெரிய பள்ளிவாசல் 1938இல் எழுந்து, 2000ஆம் ஆண்டில் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டது. நானாவுக்கு இரண்டுமே தூரம். பெருநாள் தொழுகைக்கு மாத்திரம் லீவு கேட்டு ரயில் ஏறுவார்.

ஸஸாயே சான்

இனி அந்த ஆறரை மணிக்கு வருகிறேன். நானா பார்க்கும் கார்ட்டூனின் பெயர் "ஸஸாயே சான்". மச்சிகோ ஹசெகாவா என்ற பெண் ஓவியர் 1946இல் ஒரு பத்திரிகையில் வரையத் தொடங்கிய சித்திரக்கதை அது. 1969 ஒக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்தது. இன்றும் ஞாயிறு தோறும் ஒளிபரப்பாகிறது. உலகில் மிக நீண்ட காலம் ஓடும் கார்ட்டூன் தொடர் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியுள்ளது. கதாநாயகிக்கு முதல் நாளில் இருந்து குரல் கொடுத்து வருபவர் மிடோரி கட்டோ.

சண்டை இல்லை, மந்திரம் இல்லை, எதிர்காலத்து ரோபோவும் இல்லை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வாழ்கிறது, அவ்வளவுதான். ஸஸாயே, அவர் கணவர், சின்ன மகன், தாய், தந்தை, குறும்புத் தம்பி, அமைதியான தங்கை, ஒரு பூனை. எல்லோருக்கும் கடலோடு தொடர்புள்ள பெயர்கள். தம்பியின் பெயர் கட்சுஓ. அதாவது, மாசி செய்யும் அதே சூரை மீன்! தம்பி வீட்டுப்பாடத்தை மறைக்கிறான். தந்தை குடையைத் தொலைக்கிறார். அயல்வீட்டார் ஏதோ சமைத்து அனுப்புகிறார்கள். 1969இல் இருந்து இவர்கள் யாருக்கும் வயது ஏறவில்லை.

ஞாயிறு மாலை இத்தொடர் முடியும்போது, "நாளை திங்கள், வேலைக்குப் போக வேண்டுமே" என்று மனம் சோர்வதற்கு ஜப்பானியர் "ஸஸாயே சான் நோய்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நானா முதலில் மொழி படிக்கத்தான் பார்த்தார். பாடப்புத்தகத்தில் இல்லாத வீட்டுப் பேச்சு அதில் இருந்தது. வெளியே போனவர் வாசலில் நின்று "தடாயிமா" என்பார். "இதோ வந்துவிட்டேன்" என்று பொருள். உள்ளே இருப்பவர் "ஒகாயெரி" என்பார். "வந்து சேர்ந்தீர்களா" என்று பொருள். இந்த இரண்டு சொல்லும் கேட்காத ஜப்பானிய வீடு இல்லையாம். நானாவும் தன் அறைக் கதவைத் திறக்கும்போது "தடாயிமா" என்று சொல்லிப் பழகினார். பதில் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

முதியோர் இல்லத்தின் பொது மண்டபத்தில் ஞாயிறு தோறும் அந்தத் தொடரைப் போடுவார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் திரையின் முன் அமர்வார்கள். தொடரின் முடிவில் ஸஸாயே, கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டுக்குக் கை நீட்டுவாள். பார்ப்பவர்களும் திரையை நோக்கிக் கை நீட்ட வேண்டும். தொண்ணூறு வயதுக்காரர்கள் நடுங்கும் கையை நீட்டி, வென்றால் கைதட்டுவார்களாம். "அவங்கட பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க. அந்தக் குடும்பம் மட்டும்தான் கிழமைக்கு ஒருக்கா வருது" என்றார் நானா. தன்னைப் பற்றியும் சேர்த்துத்தான் சொன்னார் என்று உம்மா எனக்குப் பிறகு சொன்னார்.

தமிழ்ப் படமும் அவர் பார்க்காமல் இல்லை. ரஜினிகாந்தின் "முத்து" 1998இல் டோக்கியோவில் திரையிடப்பட்டுப் பெரிய வெற்றி பெற்ற படம். "ஆடும் மகாராஜா" என்று அதற்கு ஜப்பானியப் பெயர் வைத்திருந்தார்கள். நானா தமிழ் பேசுபவர் என்று அறிந்ததும், இல்லத்தின் சமையல்காரர் ஒருவர் துவாயைத் தோளில் சுற்றிப் போட்டுக் காட்டினாராம்.

பீதுருதாலகாலையில் இருந்து வந்த ஒஷின்

எங்கள் வீட்டில் ஜப்பானியத் தொடர் பார்த்த முதல் ஆள் நானா அல்ல, எங்கள் உம்மும்மா. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஜப்பான் அரசின் உதவியோடு ஆரம்பிக்கப்பட்டது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நிற்பது நுவரெலியாவில், பீதுருதாலகால மலை உச்சியில். அங்கிருந்துதான் "ஒஷின்" எங்கள் மலைகளுக்கு இறங்கி வந்தாள்.

"ஒஷின்" 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஜப்பானில் ஒளிபரப்பான தொடர். 297 அங்கங்கள் கொண்டது. எழுதியவர் சுகாகோ ஹஷிதா. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் காட்டப்பட்டது. வறுமையால், ஏழு வயதுச் சிறுமி ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்பப்படுகிறாள். பனி மூடிய ஆற்றில் தெப்பத்தில் அவள் போவதை, கரையில் நின்று பெற்றோர் பார்க்கிறார்கள்.

அந்த நாட்களில் எங்கள் கடைத்தெருவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சில மட்டுமே. உம்மும்மா வீட்டில் கார் பெட்டரியில் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடை வைத்த கையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அவர்களுக்குச் சிங்களம் முழுதாக விளங்காது. "அரிசிக்காகப் பிள்ளையைக் கப்பலேத்தின கதை எங்களுக்கு விளங்காம யாருக்கு விளங்கும்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டதை உம்மும்மா அடிக்கடி சொல்வார். கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களின் பேத்திகள் அல்லவா அவர்கள்!

அன்று ஜப்பானை ஏழை நாடாகத் திரையில் கண்டு அழுதார் உம்மும்மா. இன்று அவருடைய பேரன் அதே நாட்டு முதியவர்களுக்குச் சோறு ஊட்டுகிறார்.

திரையில் ஒரு ஜனாஸா

கடந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஸுபஹுக்குப் பிறகு உம்மும்மா மவுத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அஸருக்குப் பிறகு நல்லடக்கம். ஜப்பானில் இருந்து ஒருவர் வந்து சேர அந்த நேரம் போதாது. நான்தான் கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தேன். வீட்டு வாசலில் இருந்து சந்தூக்கு எடுக்கப்பட்டு, பள்ளி வளைவில் மறையும் வரை நானா பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மலைப் பக்கத்தில் சிக்னல் அடிக்கடி அறுந்தது. ஒவ்வொரு முறையும் அவரே திரும்ப எடுத்தார்.

அடுத்த ஞாயிறு வழமை போல ஸஸாயே சான் ஓடியது. முடிவில் எல்லோரும் கை நீட்டினார்கள். ஒவ்வொரு வாரமும் முதலாவதாகக் கை நீட்டும் மூதாட்டி அன்று விளையாடவில்லை. நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாராம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நானாவுக்குத் தெரியாது.

போக நினைப்போருக்கு

உயர்தரம் முடித்துவிட்டு ஜப்பானிய மொழி படிக்க எனக்கும் ஆசை இருக்கிறது. உம்மா இன்னும் "சரி" என்று சொல்லவில்லை. என்னைப் போன்ற மாணவிகளும் அவர்களின் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்கள் உள்ளன.

இந்த விசாவுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பராமரிப்புத் துறையில் மூன்று பரீட்சைகள்: அடிப்படை ஜப்பானிய மொழி, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழி, பராமரிப்புத் திறன். இவற்றைப் பணம் கொடுத்துத் தாண்ட முடியாது. படித்தே ஆக வேண்டும். ஒரே வேலைக்கு ஜப்பானியருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குக் குறையாமல் வெளிநாட்டவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். முதல் கட்ட விசாவில் ஐந்து வருடம் வரை வேலை செய்யலாம். ஆனால் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. போகுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்வது கட்டாயம்.

நானாவின் வகுப்புத் தோழர் ஒருவர், "பரீட்சை வேண்டாம், நான் அனுப்புகிறேன்" என்ற ஒரு தரகரை நம்பி உம்மாவின் நகையை அடகு வைத்தார். நகையும் போனது, பயணமும் இல்லை. ஆகவே, பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை எவ்வளவு அனுப்பினான் என்று கேட்கும் அதே வாயால், இன்றைக்கு என்ன பார்த்தான், யாரோடு இருந்து சாப்பிட்டான் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பிள்ளையின் உண்மையான நிலை தெரியும்.

இப்போது உம்மா ஞாயிறு மூன்று மணிக்கு அழைப்பு எடுப்பதில்லை. மூன்றரை ஆகும் வரை தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மணி அடிக்கும். "தடாயிமா" என்பார் நானா. உம்மாவுக்கு ஜப்பானிய மொழியில் தெரிந்தது ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு, வழமை போலத் தமிழில் கேட்பார்:

"ஒகாயெரி. சாப்பிட்டீங்களா மகன்?"